மொராக்கோ: பழைய நகரங்கள், சஹாரா, அட்லஸ் மலையேற்றம் – 15 இரவுகளுக்கான திட்டம் குறித்து ஆலோசனை வேண்டும்

கொங்குப் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில் நானும் என் மனைவியும் அவருடைய தம்பியும் மொராக்கோவுக்குச் செல்ல இருக்கிறோம். விமானப் பயணத்துக்கான நாட்களைக் கழித்தால் அங்கே 15 இரவுகள் தங்க முடியும். பழைய நகரங்களை நிதானமாகப் பார்ப்பது என் மனைவியின் விருப்பம். மைத்துனருக்குப் பாலைவனத்தில் ஓர் இரவாவது உறங்க வேண்டும். எனக்கு வட ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான துப்கால் (4,167 மீட்டர்) ஏற வேண்டும். மூவரும் வெள்ளியங்கிரி பல முறை ஏறியிருக்கிறோம். நானும் மைத்துனரும் உத்தராகண்டில் கேதார்கந்தா (3,810 மீட்டர்) வரை சென்றிருக்கிறோம்.

இப்போது என் கையில் உள்ள திட்டம் இதுதான். காசாபிளாங்காவில் இறங்கி நேராக மராகேஷ் சென்று இரண்டு இரவுகள் தங்குவது. அங்கிருந்து மூன்று நாள் சுற்றுலா வண்டியில் மெர்சூகா மணற்குன்றுகளுக்குப் போய் மராகேஷுக்கே திரும்புவது. பிறகு இரண்டு நாட்களில் துப்கால். அதன்பின் தொடர்வண்டியில் ஃபெஸ், அங்கிருந்து ஷெஃப்ஷாவென், டான்ஜியர், மீண்டும் காசாபிளாங்கா. என் மனைவி உட்பட இருவர் சைவம். இந்த வரிசை சரிதானா, எதையாவது விட வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பயனுள்ளதாக இருக்கும்.

தென்திசை நடை எழுதியது:

வணக்கம் நண்பரே. தேர்ந்தெடுத்திருக்கும் இடங்களில் குறையில்லை. வரிசையை மட்டும் முழுமையாக மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மராகேஷிலிருந்து மெர்சூகா ஏறத்தாழ 560 கிலோமீட்டர். இடையில் திஸி ந் திஷ்கா என்னும் 2,260 மீட்டர் உயரக் கணவாயைக் கடக்க வேண்டும். மூன்று நாளில் போய்த் திரும்பும் சுற்றுலா வண்டிகளில் பகல் பொழுது பெரும்பாலும் இருக்கையிலேயே கழிந்துவிடுகிறது. அய்த் பென்ஹத்து என்னும் மண்கோட்டை ஊரில் ஒரு மணி நேரம், தோத்ரா பள்ளத்தாக்கில் அரை மணி நேரம் இறக்கிவிட்டு, மாலை மங்கும் வேளையில் மணற்குன்றின் அடியில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மறுநாள் விடியற்காலையிலேயே திரும்பும் பயணம் தொடங்கிவிடும். போன சாலையிலேயே திரும்பி வருவதில் ஒரு முழு நாள் வீணாகிறது என்பதுதான் என் முதன்மையான எதிர்ப்பு.

ஃபெஸ் நகரத்தை வடக்கு முனையாகவும் மராகேஷைத் தெற்கு முனையாகவும் வைத்து, இடைப்பட்ட தூரத்தைத் தரைவழியாக ஒரே திசையில் கடந்து பாருங்கள். ஃபெஸிலிருந்து தெற்கே இறங்கும் சாலை இஃப்ரான், அஸ்ரூ வழியாகத் தேவதாரு மரக் காடுகளுக்குள் ஏறுகிறது. வாலில்லாத பார்பரி குரங்குகளை அந்தக் காட்டில்தான் பார்ப்பீர்கள். 1935ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 23.9 பாகை செல்சியஸ் பதிவானது இந்த இஃப்ரானில்தான். அங்கிருந்து அடுத்த நாளே சஹாராவின் விளிம்பில் நிற்பீர்கள். மிதெல்த் ஊரைத் தாண்டியதும் சாலை ஸிஸ் ஆற்றோடு சேர்ந்துகொள்ளும். இருபுறமும் காய்ந்த செம்மண் மலைகள் நிற்க, நடுவில் பேரீச்சந்தோப்பு மட்டும் பசுமையாக நீண்டு செல்லும் அந்தப் பள்ளத்தாக்கை வண்டியை நிறுத்திப் பார்க்காதவர்கள் மிகக் குறைவு. மலையில் விழும் பனியும் மழையும் ஆறாகிப் பாலைக்குள் இறங்கி மணலில் மறைவதை இந்த வழியில் கண்ணாலேயே தொடர்ந்து பார்த்துக்கொண்டு போகலாம். நகரம், பாலை, மலை மூன்றையும் தனித்தனிச் சுற்றுலாக்களாக வெட்டி மராகேஷில் வைத்து ஒட்டும்போது, அவை ஒன்றையொன்று எப்படி வாழவைத்தன என்பது தெரியாமலேயே ஊர் திரும்பிவிடுவோம்.

மலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தெற்குப் பகுதியில் நடந்தும் அலைந்தும் உடல் பழகியபின் ஏறுவது எளிது. ஏறி இறங்கிக் கால்கள் சோர்ந்தபின் மராகேஷில் இரண்டு நாள் ஓய்வாகத் தங்கலாம்.

கல்வெட்டு மாணவி எழுதியது:

தென்திசை நடை அவர்களின் வரிசையை நான் முழு மனத்துடன் ஆதரிக்கிறேன். அதற்கு வரலாற்றிலும் காரணம் இருக்கிறது. ஃபெஸிலிருந்து தெற்கே செல்லும் அந்தச் சாலை, பழைய ஒட்டக வணிகர்களின் வழியை ஒட்டியே போகிறது. மெர்சூகாவுக்கு முன்னால் வரும் ரிஸ்ஸானி என்ற சிற்றூரின் ஓரத்தில் சிஜில்மாஸா நகரத்தின் இடிபாடுகள் கிடக்கின்றன. 8ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்த நகரம், சஹாராவின் தென்கரையிலிருந்து வந்த பொன்னும் பாலைவனச் சுரங்கங்களின் உப்பும் கைமாறிய வாயிலாகப் பல நூறு ஆண்டுகள் இருந்தது. இன்று அங்கே சில மண்சுவர்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. அதனாலேயே சுற்றுலா வண்டிகள் அங்கே நிற்பதில்லை. ஃபெஸின் மதரசாக்களில் மரத்திலும் சுண்ணத்திலும் கொட்டிக் கிடக்கும் செல்வத்தைப் பார்த்துவிட்டு வருபவர், அந்தச் செல்வத்தில் ஒரு பங்கு எந்த வாயில் வழியாக நுழைந்தது என்று அறிய அரை மணி நேரமாவது அங்கே நிற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தமிழர்களுக்கு இந்தப் பாதையில் இன்னொரு தொடர்பும் உண்டு. 1325ஆம் ஆண்டு டான்ஜியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, இலங்கையில் சிவனொளிபாத மலை ஏறி, கடல் கடந்து நம் கரைக்கு வந்து, மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீனைச் சந்தித்தவர். அந்த சுல்தானின் மனைவியும் இப்னு பதூதா தில்லியில் மணந்த பெண்ணும் உடன்பிறந்தவர்கள். மதுரையில் கொள்ளைநோய் பரவியதையும் அவர் விவரித்திருக்கிறார். அதே மனிதர் 1352இல் சிஜில்மாஸாவிலிருந்து ஒட்டகக் கூட்டத்துடன் மாலி நாட்டுக்குப் போனார். திரும்பும்போது கடுங்குளிரில் அட்லஸ் மலையைப் பனிக்குள் கடந்து ஃபெஸ் வந்து சேர்ந்தார். மத்திய ஆசியாவின் பனிவழிகளை எல்லாம் பார்த்திருந்தும், இதைவிடக் கடினமான வழியைத் தாம் கண்டதில்லை என்று அவர் பதிவு செய்திருக்கிறார். தம் பயண நினைவுகளை மரினித் அரசர் அபூ இனானின் ஆணைப்படி அவர் சொல்லி எழுதவைத்ததும் ஃபெஸில்தான். அந்த அரசர் 1350களில் கட்டி முடித்த பூ இனானியா மதரசா இன்றும் அங்கே நிற்கிறது. உங்கள் மனைவி அதன் முற்றத்தில் நின்று பார்க்கலாம்.

இதன் பொருட்டு ஒரு வேண்டுகோள்: ஃபெஸுக்கு நான்கு இரவுகளாவது கொடுங்கள். அங்கே பழைய நகரத்துக்குள் மோட்டார் வண்டிகள் வருவதில்லை. சுமை எல்லாம் கோவேறு கழுதைகளின் முதுகில்தான். ஆற்றின் ஒரு கரையில் ஸ்பெயினின் கோர்டோபாவிலிருந்து வந்த அகதிகளும் மறுகரையில் துனிசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்களும் 9ஆம் நூற்றாண்டில் குடியேறினார்கள். 859இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணி நிறுவியதாக மரபு கூறும் கரவிய்யீன் பள்ளிவாசல் அந்த இரண்டாவது கரையில் இருக்கிறது. மொராக்கோவில் பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் நுழைய இயலாது. காசாபிளாங்காவின் இரண்டாம் ஹஸன் பள்ளிவாசல் முக்கியமான விதிவிலக்கு. எனவே கரவிய்யீனை வாசலிலிருந்துதான் பார்க்க முடியும். பூ இனானியா, அத்தாரீன் ஆகிய மதரசாக்களுக்குள் அனைவரும் செல்லலாம். தோல் பதனிடும் தொட்டிகளை மேலே இருக்கும் கடை மாடங்களிலிருந்து பார்ப்பது வழக்கம். சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நீரில் தோலை ஊறவைக்கும் முறை அங்கே இன்றும் தொடர்கிறது. நாற்றம் கடுமையாக இருக்கும் என்பதை முன்பே அறிந்துகொண்டு செல்லுங்கள்.

ஷெஃப்ஷாவெனையும் டான்ஜியரையும் இந்த முறை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக ஃபெஸிலிருந்து ஒரு நாள் மெக்னஸ், வொலூபிலிஸ் சென்று வாருங்கள். கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு ரோமானிய நகரத்தின் தரைச் சித்திரங்கள் திறந்த வெளியிலேயே கிடக்கின்றன.

மணல்வழி எழுதியது:

நான் வர்ஸஸாத் அருகிலுள்ள சூரிய மின்நிலையப் பணிக்காக அந்தப் பகுதியில் சில காலம் வாழ்ந்தவன். பாலைவனத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மெர்சூகாவில் இருப்பது எர்க் செப்பி என்னும் மணற்பரப்பு. குன்றுகள் ஏறத்தாழ 150 மீட்டர் உயரம் வரை எழுகின்றன. தார்ச்சாலை அவற்றின் அடிவாரம் வரை வருகிறது. எர்க் சிகாகா மேற்கே, மஹாமித் ஊருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே தார்ச்சாலை கிடையாது. நாற்சக்கர இயக்க வண்டியில் கல்லும் மணலுமான வெளியில் 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். தனிமையையும் பரப்பையும் விரும்புபவருக்குச் சிகாகாதான் உயர்ந்தது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஃபெஸிலிருந்து இறங்கி வரும் உங்கள் வழிக்கு எர்க் செப்பிதான் பொருந்தும். சிகாகாவைச் சேர்த்தால் இரண்டு நாட்கள் கூடுதலாக வேண்டியிருக்கும்.

அங்கே இரண்டு இரவுகள் தங்குங்கள். ஓர் இரவு மணலுக்குள் கூடாரத்தில், மற்றொன்று ஹஸ்ஸிலாபியத் போன்ற விளிம்பு ஊர் ஒன்றில். முதல் மாலை ஒட்டகத்தில் போய் விடியலில் திரும்பினால், நண்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். மறுநாள் பகலில் காலாற நடக்கும்போதுதான் அந்த இடம் விளங்கத் தொடங்கும். மொராக்கோ சஹாராவின் பெரும்பகுதி மணல் அல்ல, கரிய கற்கள் பரந்த வறண்ட மேடு என்பதையும் அப்போது பார்ப்பீர்கள். அக்டோபர் கடைசியில் பகல் வெப்பம் தாங்கக்கூடியதாக இருக்கும். இரவில் கம்பளி வேண்டும். கோடையில் அதே இடம் 45 பாகையைத் தாண்டும் என்பதால், நீங்கள் தேர்ந்த மாதம் நல்ல மாதம்.

மணற்குன்றுகளின் மேல் நான்கு சக்கர மோட்டார் சைக்கிள் ஓட்டும் வழக்கம் மெர்சூகாவில் பெருகிவிட்டது. அதன் இரைச்சல் சுற்றிலும் உள்ள அனைவருடைய மாலையையும் கெடுக்கிறது. உங்கள் மைத்துனரிடம் அதை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். அதற்குச் செலவிடும் பணத்தில், எர்ஃபூத் பக்கம் இருக்கும் பழைய கெத்தாராக்களை உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் போய்ப் பார்க்கலாம். மலை அடிவாரத்து நிலத்தடி நீரை, மெல்லிய சரிவில் வெட்டிய சுரங்கக் கால்வாய் வழியாகப் பல கிலோமீட்டர் தூரம் தோப்புகளுக்குக் கொண்டுவந்த அமைப்பு அது. மேலே வரிசையாகக் கிணற்று வாய்கள் மண்மேடுகளாகத் தெரியும். எந்திர இறைப்பான்கள் வந்து நிலத்தடி நீர் இறங்கியதால் பெரும்பாலானவை வறண்டுவிட்டன. மராகேஷ் நகரம் வளர்ந்ததும் அட்லஸ் அடிவாரத்திலிருந்து இதே முறையில் வந்த நீரால்தான். ஏரியையும் மதகையும் கொண்டு வாழ்ந்த ஊர்களிலிருந்து செல்லும் நமக்கு, அந்தக் கிணற்று வாய்களின் வரிசை எந்த அரண்மனையைவிடவும் அதிகம் சொல்லும்.

ஓர் எச்சரிக்கை. வறண்ட ஆற்றுப் படுகைகளில் வண்டியை நிறுத்தவோ கூடாரம் அடிக்கவோ வேண்டாம். 2024 செப்டம்பரில் பெய்த மழையில் தென்கிழக்கு மாகாணங்களில் திடீர் வெள்ளம் வந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. நெடுங்காலம் வறண்டு கிடந்த இரீக்கி ஏரியில் தண்ணீர் நின்றது.

கொங்குப் பயணி எழுதியது:

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரே திசையில் செல்லும் வரிசை எங்கள் மூவருக்கும் பிடித்துவிட்டது. மலையேற்றம் குறித்து மேலும் கேட்க வேண்டும். துப்காலை இரண்டு நாளில் முடிக்கலாம் என்று பல நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. 2023 நிலநடுக்கத்துக்குப் பின் அந்தப் பகுதி எப்படி இருக்கிறது? வழிகாட்டி இல்லாமல் நாங்களே செல்ல இயலுமா? என் மனைவி மூன்றாயிரம் மீட்டருக்கு மேல் இதுவரை சென்றதில்லை.

தென்திசை நடை எழுதியது:

வழிகாட்டி இல்லாமல் செல்ல இயலாது. 2018 டிசம்பரில் அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், துப்கால் வழியில் காவல் சாவடிகள் அமைக்கப்பட்டன. உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் வந்தால்தான் அனுமதிப்பார்கள். கடவுச்சீட்டைப் பார்த்துப் பதிவு செய்வதால் அதை மராகேஷ் விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இம்லில் ஊரிலேயே வழிகாட்டியையும் சுமை தூக்கக் கோவேறு கழுதையையும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பணம் நேரடியாக அந்த ஊர்க் குடும்பங்களுக்குச் சேரும் என்பதால் அதையே நான் பரிந்துரைக்கிறேன்.

2023 செப்டம்பர் 8ஆம் நாள் இரவு ஏற்பட்ட 6.8 அளவு நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். மையம் இதே உயர் அட்லஸ் மலைத்தொடரில், இம்லிலுக்குத் தென்மேற்கே இருந்தது. இம்லில் பள்ளத்தாக்கிலும் வீடுகள் இடிந்தன. 12ஆம் நூற்றாண்டின் தின்மெல் பள்ளிவாசல் பெருமளவு சிதைந்தது. மலையேற்றம் விரைவிலேயே மீண்டும் தொடங்கிவிட்டது. ஆனாலும் அந்த ஊர்களில் துயரத்தைச் சுமந்த வீடுகள் இருக்கின்றன. இடிபாடுகளை நிழற்படம் எடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். கேட்காமல் எடுக்கவே கூடாது.

இரண்டு நாள் திட்டம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்கிறேன். இம்லில் 1,740 மீட்டரில் இருக்கிறது. முதல் நாள் அரும்த் ஊர், சீதி ஷம்ஹரூஷ் அடக்கத்தலம் வழியாக 3,207 மீட்டரில் உள்ள மலைக்குடிலுக்கு ஏறி அங்கேயே உறங்க வேண்டும். மறுநாள் இருட்டிலேயே புறப்பட்டு 960 மீட்டர் ஏறி உச்சியை அடைந்து, அன்றே இம்லில் வரை 2,400 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். பாதையில் கயிறு தேவைப்படாது, தொழில்நுட்பமும் தேவைப்படாது. ஆனால் உடலுக்கு அவகாசமே இல்லை. சரளைச் சரிவில் அந்த இறக்கம் முழங்கால்களை வாட்டிவிடும்.

என் பரிந்துரை மேற்குச் சுற்றுவழி. முதல் நாள் இம்லிலிலிருந்து திஸி ந் ம்ஸிக் கணவாய் (2,489 மீட்டர்) ஏறி இறங்கி, தம்சுல்ட் என்ற மேய்ச்சல் இடத்தில் ஏறத்தாழ 2,250 மீட்டரில் உறங்குவது. இரண்டாம் நாள் வளைந்து வளைந்து ஏறும் வழியில் திஸி ந் அகெல்ஸிம் கணவாயை (ஏறத்தாழ 3,560 மீட்டர்) கடந்து 3,207 மீட்டர் குடிலுக்கு இறங்குவது. மூன்றாம் நாள் உச்சி, பிறகு இம்லில். ஒரு நாள்தான் கூடுகிறது. அந்த ஒரு நாளில் மலையும் பிடிபடும், மூச்சும் பிடிபடும். முக்கியப் பாதையின் கூட்டத்தையும் இரண்டு நாள் தவிர்க்கலாம்.

பொதுநல மருத்துவர் எழுதியது:

தென்திசை நடை சொல்வதை மருத்துவக் கண்ணோடு வழிமொழிகிறேன். மூன்றாயிரம் மீட்டருக்கு மேல் சென்றபின், உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட இரவில் எங்கே படுத்தோம் என்பதே முக்கியம். இரண்டு நாள் திட்டத்தில் 1,740 மீட்டரிலிருந்து ஒரே தாவலாக 3,207 மீட்டரில் படுக்கிறீர்கள். சுற்றுவழியிலும் இரண்டாம் இரவின் உயர்வு பெரிதுதான். இருந்தாலும் இடையில் ஓர் இரவு கிடைப்பதும், பகலில் அதைவிட உயரமான கணவாயைத் தொட்டு இறங்கி உறங்குவதும் உதவும்.

கேதார்கந்தா சென்ற அனுபவம் மனத்துக்குத் துணை செய்யுமே தவிர உடலுக்குச் செய்யாது. உயரத்துக்கு உடல் பெற்ற பழக்கம் சில வாரங்களில் மறைந்துவிடும். உடல் வலிமைக்கும் உயர நோய்க்கும் தொடர்பில்லை. ஓட்டப் பந்தய வீரருக்கும் வரலாம். தலைவலியுடன் குமட்டலோ தள்ளாட்டமோ வந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. குறையாவிட்டால் இரவானாலும் கீழே இறங்க வேண்டும். தடுப்பு மாத்திரை எடுப்பதாக இருந்தால் ஊரிலேயே உங்கள் மருத்துவரைப் பார்த்து, வேறு மருந்துகளோடு அது ஒத்துப்போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உச்சியைத் தொடாமல் திரும்பும் உரிமை மூவருக்கும் உண்டு என்று புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவருக்காக மற்றவர் வலியை மறைப்பதுதான் மலையில் மிகவும் ஆபத்தானது.

கிள்ளான் வாசகர் எழுதியது:

மலேசியாவிலிருந்து வணக்கம். நான் என் தாயாருடன் மொராக்கோ சென்று வந்தவன். அவர் முழுச் சைவம். உணவைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கத்தரிக்காயை வதக்கி மசித்த ஸாலூக், உலர்ந்த மொச்சை போன்ற பயறில் செய்யும் பிஸ்ஸாரா என்ற கெட்டிச் சாறு, ஒலிவப்பழம், ரொட்டி, நம் பரோட்டாவைப் போல் அடுக்கு மடித்துச் சுடும் ம்ஸெம்மென் ஆகியவை எங்கும் கிடைக்கும். எனினும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. காய்கறித் தஜீன் (மூடிய மண்சட்டியில் வேகவைக்கும் உணவு) என்று கேட்டாலும், இறைச்சியோடு வேகவைத்த சட்டியிலிருந்து காய்களை மட்டும் எடுத்துக் கொடுப்பது உண்டு. ஹரீரா சூப்பில் பெரும்பாலும் இறைச்சித் துண்டுகளோ இறைச்சிச் சாறோ கலந்திருக்கும். தங்கும் விடுதிக்கு முந்தைய நாளே சொல்லிவிட்டால், தனிச்சட்டியில் வைத்துக் கொடுக்கும் அன்பு அங்கே நிறைய உண்டு. மலைக்குடிலுக்கும் பாலைக் கூடாரத்துக்கும் வழிகாட்டி மூலம் முன்கூட்டியே தெரிவியுங்கள். அங்கே போய்ச் சேர்ந்தபின் கேட்டால் ரொட்டியும் முட்டையும்தான் மிஞ்சும். ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துச் செல்வது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் மனைவி நகரங்களை விரும்புகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூவரும் உச்சிக்குச் செல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் தாயார் இம்லிலில் வாதுமை மரங்களுக்கு இடையே தங்கி, பகலில் அரும்த் வரை நடந்து, ஒரு வீட்டில் ரொட்டி சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களைத்தான் இன்றும் மிகவும் சொல்கிறார். அதுவும் மலைப்பயணம்தான்.

தென்திசை நடை எழுதியது:

கிள்ளான் வாசகர் சொன்ன வழியும் நல்ல வழி. ஆனால் மலையின் நிழலிலேயே இருக்கும் மூன்றாயிரம் மீட்டர் கணவாய் ஒன்றை முயன்று பார்க்காமலேயே கொங்குப் பயணியின் மனைவி ஒதுங்க வேண்டும் என்று நாம் முன்கூட்டித் தீர்மானிப்பது சரியாகாது. வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறி இறங்கியவருக்குச் சுற்றுவழியின் முதல் இரண்டு நாட்கள் மிகையானவை அல்ல. உச்சி நாளன்று அவர் விரும்பினால் குடிலிலேயே தங்கலாம். கணவரும் தம்பியும் நண்பகலுக்கு முன் அங்கே திரும்பிவிடுவார்கள்.

மணல்வழி எழுதியது:

மலைக்கு ஒரு மாற்று வழியையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியில் உயர் அட்லஸில் முன்கூட்டியே பனி விழுவது உண்டு. அப்படி நேர்ந்தால் துப்கால் உச்சிக்குக் காலணியில் பூட்டும் இரும்பு முட்களும் பனிக்கோடரியும் வேண்டியிருக்கும். அவற்றைப் பயன்படுத்திப் பழகாதவர்கள் போகக்கூடாது. அந்த நிலையில் தெற்கே ஜெபல் ஸக்ரோ மலைத்தொடருக்குத் திரும்பலாம். உச்சி 2,712 மீட்டர்தான். ஆனால் எரிமலைப் பாறைகள் தூண்களாக நிற்கும் அந்த வெளியில் அய்த் அத்தா நாடோடி இடையர்கள் குளிர்கால மந்தைகளோடு இறங்கி வருவதைப் பார்க்கலாம். 1933இல் பிரெஞ்சுப் படைக்கு எதிராக அவர்கள் பூகாஃபெர் மலையில் பல வாரங்கள் நின்று போரிட்டது அங்கேதான். கலாஅத் ம்கூனா ஊரிலிருந்து நடைவழிகள் தொடங்குகின்றன. அது உங்கள் வழியிலேயே இருக்கிறது. மெர்சூகாவில் இருக்கும்போதே இம்லில் வழிகாட்டியிடம் தொலைபேசியில் நிலவரம் கேட்டு முடிவெடுக்கலாம்.

வண்டியைப் பற்றியும் ஒரு சொல். அங்கே சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும். மலைச்சாலையில் முதன்முதலாக அதைப் பழகுவது உகந்ததல்ல. மூவர் என்பதால் ஃபெஸிலிருந்து இம்லில் வரை ஓட்டுநருடன் வண்டி அமர்த்திக்கொள்வதே என் பரிந்துரை. ஃபெஸிலிருந்து மெர்சூகாவுக்குப் பேருந்தும் உண்டு. ஆனால் அது இரவில் செல்வதால் ஸிஸ் பள்ளத்தாக்கை இழந்துவிடுவீர்கள். ட்ரோன் எதையும் எடுத்துவர வேண்டாம். சுங்கத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

கொங்குப் பயணி எழுதியது:

மீண்டும் நன்றி. என் மனைவி இந்த இழையை முழுவதும் படித்துவிட்டு, தம்சுல்ட் வழியாக மலைக்குடில் வரை வருவதாகவும் உச்சி நாளன்று குடிலில் விழித்தபின் உடல்நிலையைப் பார்த்து முடிவெடுப்பதாகவும் சொல்கிறார். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா முன்கூட்டியே வேண்டும் என்பதால் அதற்கான வேலையையும் தொடங்கிவிட்டோம்.

திருத்திய திட்டம் இப்படி அமைகிறது. புதன்கிழமை காலை காசாபிளாங்காவில் இறங்கி, அன்றே தொடர்வண்டியில் ஃபெஸ். அங்கே நான்கு இரவுகள், அவற்றுக்குள் சனிக்கிழமை மெக்னஸ், வொலூபிலிஸ். ஞாயிறு காட்டு வழியாக மிதெல்த். திங்கள் ஸிஸ் பள்ளத்தாக்கு, ரிஸ்ஸானியில் சிஜில்மாஸா, மாலையில் மணலுக்குள் கூடாரம். செவ்வாய் முழுவதும் மெர்சூகாவில் ஓய்வு. புதன் தோத்ரா பள்ளத்தாக்கில் இரவு. வியாழன் தாதெஸ், ஸ்கூரா தோப்பு வழியாக அய்த் பென்ஹத்து. வெள்ளி திஷ்கா கணவாய் கடந்து இம்லில். சனி, ஞாயிறு, திங்கள் மலை. திங்கள் இரவு மீண்டும் இம்லில். செவ்வாயும் புதனும் மராகேஷில் தங்கி, வியாழன் அங்கிருந்தே விமானம். இதில் ஏதேனும் தவறு தெரிந்தால் சொல்லுங்கள்.

கல்வெட்டு மாணவி எழுதியது:

நல்ல திட்டம், கிழமைகளில் மட்டும் இரண்டு மாற்றங்கள் செய்யலாம். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்குப் பின் ஃபெஸ் பழைய நகரத்தின் கடைகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும், பட்டறைகளும் ஓய்ந்திருக்கும். எனவே மெக்னஸ், வொலூபிலிஸ் பயணத்தைச் சனியிலிருந்து வெள்ளிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். திறந்தவெளி இடிபாட்டுக்குக் கிழமை ஒரு பொருட்டல்ல. கன்னார்களும் சாயக்காரர்களும் முழு வேலையில் இருக்கும் சனிக்கிழமை உங்கள் மனைவிக்கு ஃபெஸில் கிடைக்கும்.

ரிஸ்ஸானியில் சந்தை கூடுவது ஞாயிறு, செவ்வாய், வியாழன் ஆகிய மூன்று நாட்களில். திங்கள் அங்கே நின்றால் வெற்றுத் திடலைத்தான் பார்ப்பீர்கள். ஆகையால் திங்கள் நேராக மெர்சூகா சென்று, செவ்வாய் காலை கூடாரத்திலிருந்து திரும்பியதும் 35 கிலோமீட்டர் அளவிலான தூரத்தில் இருக்கும் ரிஸ்ஸானிக்குப் போங்கள். அக்டோபரில் தஃபிலால்த் சோலைகளின் புதுப் பேரீச்சம்பழங்கள் மூட்டை மூட்டையாக அந்தச் சந்தைக்கு வரும். கழுதைகளுக்கென்றே தனியாக ஒரு நிறுத்தத் திடல் இருக்கிறது; ஆடுகளை விலை பேசும் இடமும் அருகில் உண்டு. சிஜில்மாஸாவின் மண்சுவர்கள் சந்தையிலிருந்து நடந்து செல்லும் தொலைவுதான். சந்தை நண்பகலுக்குப் பின் கலையத் தொடங்கும் என்பதால் சந்தையை முதலிலும் இடிபாட்டைப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள்.